ஆறு அரித்தது போக மிச்சம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கலிபோர்னியா தங்க வேட்டையைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சினிமா, அரசியல் கேள்விகள் எல்லாம் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைப்பு. இந்த மாதம் முழுக்க ஆறும் தங்கமும்தான்.

ஃபால்சம் (கலிபோர்னியா) வாசகர்: சார், 1848இல் தங்கம் கண்டுபிடித்த கொலோமா எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு நாலு சனிக்கிழமை போய்விட்டேன். கரையோரம் தண்ணீர் அமைதியாக, மணல் நைசாக இருக்கும் இடமாகப் பார்த்து, தட்டில் அள்ளி அள்ளி அரித்தோம். ஒரு பொடிகூட இல்லை. அங்கே தங்கம் தீர்ந்துவிட்டதா, இல்லை எனக்குத்தான் தெரியவில்லையா?

தீரவில்லை. நீங்கள் உட்கார்ந்த இடம்தான் தப்பு. நைசான மணலும் அசையாத தண்ணீரும் இருக்கும் இடம் குழந்தை விளையாட நல்ல இடம், தங்கத்துக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது.

ஆறு ஓடும்போது கையில் ஏகப்பட்ட சுமையோடு ஓடுகிறது. வேகம் குறையக் குறைய ஒவ்வொன்றாகக் கீழே போடும். முதலில் பாறாங்கல்லை விடும், அப்புறம் கூழாங்கல், அப்புறம் பருமணல், கடைசியில்தான் நீங்கள் அள்ளிய அந்த மாவு மணல். தங்கம் பார்க்கப் பொடியாக இருந்தாலும் கனத்தில் கல்லோடு சேர்ந்தது. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், ஆற்று மணலில் பெரும்பகுதியான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, சுத்தத் தங்கத்தின் அடர்த்தி 19.3 (ஆற்றுத் தங்கத்தில் வெள்ளி கலந்திருப்பதால் அது 15 முதல் 19 வரை இருக்கும்). தரையில் வைத்து நிறுத்தால் ஏழு மடங்குதான் வித்தியாசம். தண்ணீருக்குள் போனதும் இரண்டுமே ஆளுக்கு ஒன்று இழக்கின்றன, அதனால் 1.65க்கு எதிரே 18.3, அதாவது பதினோரு மடங்கு. இதனால்தான் கடுகளவு தங்கம், தன்னைவிடப் பல மடங்கு பெரிய கல் எங்கே நின்றுபோகிறதோ அங்கேயே நின்றுவிடுகிறது. நைஸ் மணல் படியும் இடம் வரைக்கும் அது வருவதே இல்லை, வந்தாலும் கண்ணுக்குத் தெரியாத தூளாகத்தான் வரும்.

ஆகவே கல் இருக்கும் இடமாகப் பாருங்கள். ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரைப் பக்கம் தண்ணீர் வேகமாக மோதி மண்ணை அரிக்கும், உட்கரைப் பக்கம் வேகம் குறைந்து திட்டு கட்டும். தங்கம் இந்த உள்பக்கத் திட்டில்தான் இறங்கும். அதிலும் திட்டின் தலைப்பில், அதாவது தண்ணீர் வந்து ஏறும் மேல்முனையில், தேங்காய் அளவு கற்கள் நெருக்கமாகக் கிடக்கும் இடத்தில் தேடுங்கள். வால்பக்கம் போனால் மறுபடி நைஸ் மணல்தான். வளைவில் மேல்மட்டத் தண்ணீர் வெளியே தள்ளப்பட, அடிமட்டத் தண்ணீர் தரையை உரசிக்கொண்டு உள்ளே வருகிறது, தரையில் உருளும் சுமையையும் உள்கரைக்குத் தள்ளுகிறது. டீ டம்ளரில் கரண்டி போட்டுக் கலக்கினால் அடியில் கிடக்கும் டீத்தூள் நடுவில் வந்து சேர்கிறதே, அதே சங்கதி. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டு 1926இல் ஐன்ஸ்டைன் ஒரு சின்னக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

அடுத்தது பெரிய பாறாங்கல்லின் முதுகுப்புறம், தண்ணீர் பிரிந்து சுழன்று அடங்கும் நிழல். அப்புறம் சரளைக்கு அடியில் இருக்கும் கெட்டியான அடிப்பாறை. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடர் அடிவாரத்தில் பல இடங்களில் ஸ்லேட், சிஸ்ட் பாறைகள் அடுக்கிவைத்த புத்தகம் மாதிரி செங்குத்தாக நிற்கும். ஓட்டத்துக்குக் குறுக்கே அந்த அடுக்கு இருந்தால் ஒவ்வொரு இடுக்கும் ஒரு உண்டியல். வழவழவென்று தேய்ந்த கிரானைட்டில் ஒன்றும் தங்காது. இடுக்கைச் சுரண்ட ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், கூட்டி எடுக்க ஒரு சின்ன பிரஷ் போதும், ஆனால் அதையும் எந்த ஆற்றில் எந்தப் பகுதியில் அனுமதிக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொலோமா பூங்காவுக்குள் குறிப்பிட்ட இடத்தில், கையும் தட்டும் மட்டும்தான்.

இன்னொன்று, இது முக்கியம். கொலோமாவுக்கு மேலே சில்லி பார் அணை இருக்கிறது. அங்கே தண்ணீரைக் கூட்டித் திறந்தால் கீழே மட்டம் கிடுகிடுவென்று ஏறும். வசந்த காலத்தில் பனி உருகி வரும் தண்ணீரோ, கால் வைத்தால் எலும்பு வரை குளிரும். மகளோடு போவதென்றால் கோடை முடிவில், ஆறு இளைத்திருக்கும்போது போங்கள். அப்போதுதான் திட்டுகளும் வெளியே தெரியும்.

விருதுநகர் மாணவி: தங்கம் அவ்வளவு கனம் என்றால் தண்ணீர் அதை எப்படி இழுத்துக்கொண்டு போகிறது? லாஜிக் இடிக்கிறதே?

நல்ல கேள்வி. பதில் என்னவென்றால், வருஷத்தில் பெரும்பாலான நாள் தண்ணீர் அதை அசைப்பதே இல்லை. தங்கம் நகர்வது வெள்ளத்தில்தான், அதுவும் சாதாரண வெள்ளத்தில் கொஞ்சம், பெருவெள்ளத்தில் மிச்சம் எல்லாம்.

ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை இரண்டு மடங்காகும் என்றுதான் எவரும் நினைப்போம். ஆகாது. ஏறக்குறைய 64 மடங்காகும். வேகத்தின் ஆறாம் அடுக்கு என்று கணக்கு, இரண்டை ஆறு தடவை பெருக்கிப் பாருங்கள். நேற்று வரைக்கும் ஒரு கிலோ கல்லைத் தள்ள முடிந்த ஆறு, இன்று இரட்டை வேகத்தில் ஓடினால் 64 கிலோ பாறையைப் புரட்டும். வெள்ள நேரத்தில் ஆற்றங்கரை வீட்டில் படுத்திருந்தவர்கள் சொல்வார்கள், தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் கடகடவென்று இன்னொரு சத்தம் கேட்கும் என்று. அது கற்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம்.

அப்படி ஆற்றின் படுகையே பிடுங்கிக்கொண்டு கிளம்பும்போது சரளை முழுக்க ஆட்டம் காணும். படியில் அரிசியைக் கொட்டித் தட்டினால் குருணை அடிக்குப் போகிற மாதிரி, குலுங்கும் கல்லுக்கு நடுவே தங்கம் நழுவி நழுவிக் கீழே இறங்கி, பாறையிலோ கெட்டிக் களிமண்ணிலோ முட்டி நிற்கும். வெள்ளம் வடிந்ததும் மேலே சரளை மூடிக்கொள்ளும். அடுத்த பெருவெள்ளம் வரை அதற்குத் தூக்கம். கலிபோர்னியாவில் 1862 ஜனவரியில் அப்படி ஒரு வெள்ளம், 1997 புத்தாண்டு சமயத்தில் இன்னொன்று. தங்கம் ஆற்றில் 'ஓடுகிறது' என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். அது காத்துக்கிடக்கிறது, எப்போதாவது ஒரு குதி குதிக்கிறது.

அந்தக் குதிகளின் கணக்கு தங்கத்தின் மேலேயே எழுதியிருக்கும். கூரான முனையும், குவார்ட்ஸ் ஒட்டிக்கொண்டும் இருந்தால், அது பிறந்த தாய்ப்பாறை பக்கத்தில்தான். ஓரம் உருண்டு, தகடு மாதிரி தட்டையாகியிருந்தால் நெடுந்தூரம் அடிவாங்கி வந்தது.

யாழ்ப்பாண வாசகர்: தங்கம் அரிக்கும் தட்டின் படத்தைப் பார்த்தேன். உள்ளே வரிவரியாக இருக்கிறது. எங்கள் அம்மம்மா அரிசி களைய வைத்திருந்த அரிக்கஞ்சட்டியும் இப்படித்தான் இருக்கும். யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள்?

யாரும் யாரையும் பார்த்திருக்க வேண்டியதில்லை, வேலை ஒன்று என்றால் பாத்திரமும் ஒன்றாகத்தான் வந்து சேரும். அம்மம்மா சட்டியைச் சுழற்றும்போது அரிசி மிதந்து தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கல் வரியில் மாட்டிக்கொண்டு அடியில் நிற்கும். தங்கத் தட்டில் அரிசிக்குப் பதில் மணல் போகிறது, கல்லுக்குப் பதில் தங்கம் நிற்கிறது. ஒரே வித்தியாசம், அம்மம்மா அடியில் நின்றதைத் தூக்கி எறிந்தார்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உறைத்தது வேறு ஒன்று. ஆறு கரையைத் தின்பதை நாம் 'அரிப்பு' என்கிறோம், சட்டியில் செய்வதையும் 'அரிப்பது' என்கிறோம். நகைப்பட்டறைத் தெருக்களில் விடியற்காலையில் குப்பையையும் சாக்கடை மண்ணையும் கூட்டி எடுத்துத் தங்கம் பிரிக்கிறவர்களையும் 'மண் அரிக்கிறவர்' என்றுதானே சொல்கிறோம். இந்த ஒரு சொல்லுக்குள் முழு விஷயமும் இருக்கிறது. ஆறு மலையை அரித்துத் தங்கத்தை வெளியே எடுக்கிறது, பிறகு தானே சட்டியாகி அதை அரித்து ஒதுக்கியும் வைக்கிறது. மனிதன் செய்வது மூன்றாவது அரிப்பு.

கொலோமா கதையே அதுதான். ஜேம்ஸ் மார்ஷல் தங்கம் தேடிப் போனவரல்ல, சட்டர் என்பவருக்காக மரம் அறுக்கும் ஆலை கட்டிக்கொண்டிருந்தார். ஆலைச் சக்கரத்திலிருந்து தண்ணீர் வெளியேறும் வாய்க்கால் போதிய ஆழம் இல்லை. பகலில் ஆட்களை விட்டு மண்ணைத் தளர்த்துவார், இரவில் தண்ணீரைத் திறந்துவிட்டு அந்த மண்ணை அடித்துக்கொண்டு போகச் செய்வார், காலையில் மடையை மூடிவிட்டு எவ்வளவு தோண்டியிருக்கிறது என்று பார்ப்பார். 1848 ஜனவரி 24 காலை அப்படிப் பார்க்கும்போதுதான் பளபளவென்று கண்ணில் பட்டது. இரவு முழுக்கத் தண்ணீர் மண்ணை இழுத்துக்கொண்டு போய், கனமானதை மட்டும் விட்டுவைத்திருந்தது. தனக்குத் தெரியாமலே ஆள் ஒரு பெரிய அரிக்கஞ்சட்டி கட்டியிருந்தார்!

கோயம்புத்தூர் வாசகர்: மழை, வெள்ளம் வந்து போனால் ஆற்றில் தங்கம் மறுபடி ஊறும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். உண்மையா?

கிணறு மாதிரி ஊறாது. ஆனால் முழுப் பொய்யும் இல்லை. 2017இலும் 2023 தொடக்கத்திலும் கலிபோர்னியாவில் பேய்மழை கொட்டியது, அதன் பிறகு தட்டோடு கிளம்பிய கூட்டம் செய்தியிலேயே வந்தது. வெள்ளம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, ஆழத்தில் தூங்கிய சரளையைக் கிளறி மறுபடி அடுக்குகிறது. இன்னொன்று, கரையை வெட்டுகிறது. இன்றைய ஆற்றுக்கு மேலே, சில சமயம் நூற்றுக்கணக்கான அடி உயரத்தில், ஆறு முன்னொரு காலத்தில் ஓடிவிட்டு விட்டுப்போன சரளை மேடுகள் இருக்கின்றன. சியராவில் சுமார் 5 கோடி ஆண்டு பழைய ஆற்றுப் படுகைகளே மலைமுகட்டில் மாட்டிக்கொண்டு கிடக்கின்றன. அந்த மேடு சரியும்போது அதிலிருந்த பழைய தங்கம் புதிய ஆற்றில் விழுகிறது. ஆகவே வெள்ளத்துக்குப் பிறகு, புதிதாக மண் சரிந்த கரைக்குச் சற்றுக் கீழே வரும் முதல் திட்டு பார்க்க வேண்டிய இடம். (கரையை நீங்களாகத் தோண்டிச் சரிக்காதீர்கள். சட்டப்படி தப்பு, அந்தச் சேறு கீழே சால்மன் மீன் முட்டையிட்ட சரளையில் போய் அடைத்துக்கொள்ளும். மோட்டார் வைத்து உறிஞ்சி அள்ளுவதை 2009இலேயே அங்கே நிறுத்திவிட்டார்கள்.)

மேலே பெரிய அணை இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். மலையிலிருந்து வரும் சரளை நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடும், கீழே வெறும் தண்ணீர்தான் வரும். இருப்பதை அது அரித்துக்கொண்டு போகும், புதிதாகக் கொண்டுவராது.

திருச்சி வாசகர்: லட்சக்கணக்கான வருஷமாக ஆறு செய்யும் அரிப்பை மனிதன் மெஷின் வைத்து ஒரே வருஷத்தில் செய்தால் எல்லாத் தங்கமும் வந்துவிடாதா?

செய்து பார்த்துவிட்டார்கள் ஐயா. நான் மேலே சொன்ன அந்த மலைமுகட்டுச் சரளையைக் கையால் தோண்டிக் கட்டுப்படியாகாது என்று, 1853இல் நெவாடா சிட்டி பக்கம் எட்வர்ட் மாட்டிசன் என்பவர் குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி மேட்டைக் கரைத்தார். பத்து இருபது வருஷத்தில் அது பீரங்கி மாதிரி பெரிய இரும்புக் குழாய்களாக வளர்ந்தது. மலக்காஃப் டிக்கின்ஸ் என்ற இடத்தில் அப்படிக் கரைத்த பள்ளம் கிட்டத்தட்ட 600 அடி ஆழம். இன்று அது பூங்கா, படம் பார்த்தால் ஏதோ இயற்கைக் காட்சி மாதிரி இருக்கும்.

தங்கம் வந்தது. கூடவே மலையும் வந்தது. கரைத்த சேறு, சரளை எல்லாம் யூபா, பேர், அமெரிக்கன் என்ற பெயருள்ள ஆறுகளில் இறங்கி, படுகை மேடேறி, ஆறு கரையைவிட உயரத்தில் ஓட ஆரம்பித்தது. சமவெளியில் வயல்கள் மண்ணுக்கடியில் போயின, 1875இல் மேரிஸ்வில் நகரம் சேற்று வெள்ளத்தில் மூழ்கியது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1884 ஜனவரியில் நீதிபதி லாரன்ஸோ சாயர், கழிவை ஆற்றில் விடக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார், அதோடு அந்தத் தொழில் படுத்தது. ஆனால் ஆற்றுக்குத் தீர்ப்பு தெரியாதே. ஏற்கெனவே கொட்டியது ஒரு பெரிய அலை மாதிரி வருஷக்கணக்கில் மெல்ல மெல்லக் கீழே நகர்ந்துகொண்டே இருந்தது. குரோவ் கார்ல் கில்பர்ட் என்ற நிலவியலாளர் அதைப் பின்தொடர்ந்து அளந்து 1917இல் வெளியிட்டார், அவர் கணக்கில் அந்த மண் 100 கோடி கன மீட்டருக்கும் மேல். ஆறுகள் சுமையை எப்படித் தூக்குகின்றன, எங்கே போடுகின்றன என்று இன்று நமக்குத் தெரிந்ததில் ஒரு நல்ல பங்கு அந்த நாசத்தை அளந்ததில் கிடைத்ததுதான்.

பொடித் தங்கத்தைப் பிடிக்க அவர்கள் ஊற்றிய பாதரசமும் ஆற்றில் மிச்சம் இருக்கிறது. ஃபால்சம் வாசகர் இதைக் குறித்துக்கொள்ளவும்: தட்டில் வெள்ளி நிறத்தில் முத்து மாதிரி உருண்டால், அல்லது தங்கம் வெள்ளை பூசிய மாதிரி இருந்தால், வீட்டில் அடுப்பில் வைத்துச் சூடாக்கிப் பார்க்கும் வேலை வேண்டாம். அந்தப் புகை விஷம்.

கூடலூர் (நீலகிரி) வாசகர்: எங்கள் தேவாலா, பந்தலூர் பக்கமும் தங்கம் எடுத்தார்களே, அதை எழுத மாட்டீர்களா?

கோபித்துக்கொள்ள வேண்டாம். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே உங்கள் பக்கத்துப் பழங்குடிகளான பணியரும் குறும்பரும் ஓடை மண்ணை அரித்துத் தங்கம் எடுத்தவர்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து பிரௌ ஸ்மித் என்ற நிபுணரை அரசு வரவழைத்து, அவர் 1880இல் அறிக்கை கொடுத்ததும் லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன, சில வருஷத்திலேயே பெரும்பாலும் காணாமல் போயின. ஓடையில் தங்கம் இருக்கிறது என்றால் பாறையில் கொட்டிக்கிடக்கும் என்று நினைத்துவிட்டார்கள். அப்படியல்ல. ஓடைத் தங்கம் என்பது எத்தனையோ லட்சம் வருஷ மழை, எவ்வளவோ பாறையைக் கரைத்து, ஒரு சின்ன இடத்தில் சேர்த்துவைத்த சேமிப்பு. பாறைக்குள் அது மெல்லியதாகப் பரவித்தான் கிடக்கும்.

உங்கள் மலைத் தண்ணீர் புன்னப்புழை, பாண்டியாறு வழியாகக் கேரளத்தில் சாலியாற்றுக்குப் போகிறது. அங்கே நிலம்பூரில் மரத்தட்டு வைத்து ஆற்று மணலில் தங்கம் அரிப்பது பரம்பரை வேலை. உங்கள் ஊர் மலை அரித்ததில் கொஞ்சம் அங்கே போய் இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய சுரங்கப் பொந்துகளில் திருட்டுத்தனமாக இறங்குகிறவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் தடுங்கள். ஈரமண், முட்டுக்கொடுத்த மரம் எப்போதோ மக்கிப்போயிருக்கும்.

கும்பகோணம் வாசகர்: காவிரிக்குப் பொன்னி என்று பெயர். 'புனல் பரந்து பொன் கொழிக்கும்' என்று பட்டினப்பாலையும் பாடுகிறது. அப்படியென்றால் எங்கள் ஊரிலும் தட்டைத் தூக்கலாமா?

பாட்டு அழகு, அதுவும் 'கொழிக்கும்' என்ற சொல் முறத்தில் புடைத்துக் கொழிக்கும் பாட்டிகளை நினைவூட்டுகிறது. ஆனால் கும்பகோணம் டெல்டா. கல் எல்லாம் மேலேயே நின்றுபோய், வண்டல் மட்டும் வந்து சேரும் இடம். முதல் கேள்விக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும். அந்த வண்டலில் நெல் போடுங்கள்.

சென்னை வாசகர்: ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா?

கூடாது.

மறுபடி ஃபால்சம் வாசகர் (இரண்டாவது கடிதம்): போன வாரம் மகளின் தட்டில் ஏதோ மின்னியது! கீழேவிழுந்த இலை மாதிரி மெல்லிசாக, மஞ்சளாக இருந்தது. தட்டைச் சுழற்றினால் தண்ணீரோடு எழும்பி எழும்பி ஓடுகிறது. குட்டி பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறாள். வீட்டுக்குள் கொண்டுவந்தால் மட்டும் மங்கலாகிவிடுகிறது. தங்கமா சார்?

தங்கம் வெயிலிலும் மின்னும், உங்கள் கை நிழலிலும் அதே மஞ்சளாகத்தான் இருக்கும். தட்டைச் சுழற்றும்போது மற்றது எல்லாம் ஓடினாலும் அது சோம்பேறி மாதிரி பின்தங்கும். ஊசியால் அழுத்தினால் நசுங்கும், உடையாது. உங்கள் மகள் பிடித்தது எழும்பி ஓடுகிறது, நிழலில் மங்குகிறது என்கிறீர்கள். அது அபிரகம், நம் ஊரில் காக்காப்பொன் என்பார்கள்.

அடுத்த தடவை தட்டின் அடியில் கறுப்பு மணல் ஒரு கோடாக நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது இரும்புத் தாது, அடர்த்தி 5க்கு மேல். அது நிற்கும் இடத்தில் தங்கம் இருந்தே தீரும் என்று இல்லை, ஆனால் கறுப்பு மணலே சேராத இடத்தில் தங்கமும் சேர்ந்திருக்காது. காய்ந்த பிறகு ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அதன் மேல் ஓட்டினால் கறுப்பில் பெரும்பகுதி ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மிச்சத்தில் மிகச் சின்னப் பொடி தண்ணீரின் மேல் தோலில் மிதந்து தப்பிக்கப் பார்க்கும், அதற்குப் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு போதும். இதை ஆற்றில் செய்ய வேண்டாம், வீட்டில் ஒரு டப்பில் செய்யுங்கள். காக்காப்பொன் பாட்டிலை அவளிடமே விட்டுவிடுங்கள்.